ராஜியின் மூக்கு

சித்திரையில் வந்த காய்ச்சலில் என் மூக்கு போயிற்று. மூக்கு முகத்தில்தான் இருக்கிறது, மூக்குத்தியும் இடம் மாறவில்லை. வாசம் மட்டும் போய்விட்டது. ஒருநாள் காலையில் காப்பித்தூள் டின்னைத் திறந்தேன். காலி டின்னைத் திறந்த மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் டின் நிறையத் தூள். டாக்டர் சின்ன வயசுக்காரன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, “நரம்பு ப்ராப்ளம் ஆன்டி. திரும்ப வரலாம், வராமலும் போகலாம்” என்றான். மழை வருமா வராதா என்று சொல்கிறவன்கூட இன்னும் கொஞ்சம் அக்கறையாகச் சொல்வான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் கமலநாதன் துறைமுகத்துக்கு கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். எதைப் போட்டாலும் சாப்பிடுவார், தட்டைக் கழுவிக் கவிழ்ப்பார், தூங்கப் போய்விடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை, நன்றாக இல்லை என்றும் சொன்னதில்லை. அவரை ஏமாற்றுவது பெரிய வேலை இல்லை. உப்பும் புளிப்பும் காரமும் நாக்குக்குத் தெரிகிறது, அதை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிடலாம். சிநேகிதிகளிடம்தான் பாச்சா பலிக்காது. அவர்களுக்கு ராஜி என்றாலே மூக்குதான்.

லோகேஸ்வரி, அமுதவள்ளி, நான், மூன்று பேரும் ஷா ஆலமில் ஒரு ஃபேக்டரியில் ஒரே லைனில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். சாப்பாட்டு நேரத்தில் டப்பா மூடி பாதி திறக்கும்போதே நான் சொல்லிவிடுவேன், இது நேற்று வைத்த குழம்பு, இதில் தேங்காய் பழசு என்று. ஒருநாள் கேன்டீன் மீனை மோந்துவிட்டுத் தட்டைத் தள்ளினேன். என்னைப் பார்த்து அவர்கள் இரண்டு பேரும் தள்ளினார்கள். மறுநாள் பக்கத்து லைனில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எம்.சி. லீவு எடுத்தார்கள். அன்றிலிருந்து என் மூக்கின் மேல் அவர்களுக்கு ஒரு பயபக்தி. ஃபேக்டரியை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும், பிள்ளைகள் கல்யாணம் வரை வந்தும், அந்த பயபக்தி குறையவில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்ன, அதில்தான் நான் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

மூக்கு போனது தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஐயோ பாவம் என்பார்கள். கையில் இருக்கிற கரண்டியை வாங்கிக்கொண்டு, ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். அதற்கப்புறம் என் அடுப்படியிலேயே நான் யார்? பயமாக இருந்தது. வேறு எப்படிச் சொன்னாலும் பொய்யாகிவிடும்.

புரட்டாசி வந்தது. மாதம் முழுக்க நாங்கள் மூவரும் கறி, மீன், முட்டை தொடமாட்டோம். மூன்றாவது சனிக்கிழமை கிள்ளானில் என் வீட்டில் கூடி, சமைத்து, பெருமாளுக்குப் படைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். படைக்கிற வரைக்கும் யாரும் ருசி பார்க்கக் கூடாது, குனிந்து மோந்து பார்க்கவும் கூடாது. “நாங்க மோந்து பாக்கல பெருமாளே, வாசந்தான் வந்து எங்கள பாக்குது” என்று லோகேஸ்வரி வருஷா வருஷம் மேலே பார்த்துச் சொல்லுவாள். இந்த வருஷம் அந்தக் கட்டுப்பாடு எனக்கு எவ்வளவு வசதி என்று பெருமாளுக்கு மட்டும்தான் தெரியும்.

லோகேஸ்வரி பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்தாள். அங்கே ஒரு புடவைக் கடையில் கவுன்டரில் நிற்கிறாள். நாள் முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறவளாதலால் எங்களிடம் பல்லைக் கடிப்பாள். “ட்ரெயின் லேட் லா, ஏசியும் இல்ல. இந்தா இலை, இந்தா பூ. யாரும் என்கிட்ட பேசாதீங்க, மொதல்ல தண்ணி” என்று வாசலிலேயே ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் காப்பாரிலிருந்து அமுதவள்ளி தன் பழைய கஞ்சில் குட்டிக் காரை உருட்டிக்கொண்டு வந்தாள். அமுதா அதிர்ந்து பேசமாட்டாள். கடைக்காரன் அழுகின தக்காளியைப் போட்டால்கூட சரி என்று வாங்கிக்கொண்டு வருகிற ரகம். அவள் மகள் கார்த்திகாவுக்கு இது ஏழாம் மாதம், தலைப்பிரசவம். அதனால் இந்த வருஷம் அவளுக்கு வேண்டுதல் கூடுதல். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. “சைவ மட்டன். நேத்தே மசாலா போட்டு ஊற வச்சிட்டேன்” என்றாள்.

இந்த சைவ மட்டனைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பாசார் சந்தையில் சீனர் நடத்தும் சைவக் கடையில் விற்பார்கள். சோயாவையும் காளானையும் பிசைந்து, கறித்துண்டு மாதிரியே வெட்டி, நார் நாராகப் பிரியவும் வைத்திருப்பார்கள். கறியை விட்டுவிட்டேன் என்று பெருமாளிடம் சொல்லிவிட்டு, கறி வேஷம் போட்டதைத் தேடிப் போவது என்ன விரதம்? வருஷா வருஷம் கேட்பேன். வருஷா வருஷம் இரண்டு பேரும் காதில் வாங்காமல் இரண்டாம் தடவை போட்டுக்கொள்வார்கள். சமைத்தது எல்லாவற்றையும் இலையில் வைத்துப் படைப்பது எங்கள் பழக்கமாகிவிட்டதால் அதுவும் பெருமாளுக்குப் போகும்.

அடுப்பை நான்தான் எடுத்துக்கொண்டேன். லோகேஸ்வரி ஹாலில் உட்கார்ந்து பாயாம் கீரை ஆய்ந்தாள். அமுதா பின்னால் குழாயடியில் வடைக்கு ஊறின பருப்பைக் களைந்தாள்.

வாசம் இல்லாமல் சமைப்பது எப்படி என்று இந்த ஐந்து மாதத்தில் கற்றுக்கொண்டிருந்தேன். கடுகு சத்தத்தில் சொல்லிவிடும். கறிவேப்பிலை சலசலத்து அடங்கும்போது பருப்பைப் போடலாம். வெங்காயத்துக்கு ஓரம் சிவக்க வேண்டும். மசாலாவின் பச்சை வாசம் போயிற்றா என்பதுதான் பெரிய சிக்கல். அதற்கு எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கிறதா என்று பார்ப்பேன். அடிப்பிடிக்கிறதா என்று தெரியாததால் கைபேசியில் மணி வைத்து, சத்தமில்லாமல் அதிரும்படி இடுப்பில் செருகியிருந்தேன். இத்தனை ஏற்பாட்டுக்கு ஒரு கள்ளக்கடத்தலே செய்துவிடலாம்.

சாம்பார் தப்பித்தது. சர்க்கரைப் பொங்கலுக்கு ஏலக்காயை எப்போதும் போடுகிற கணக்கில் போட்டுவிட்டு, கடவுள் விட்ட வழி என்று இறக்கினேன். கடைசியாக அமுதாவின் பையைப் பிரித்து, சிவப்பாக மசாலா அப்பிய துண்டுகளைச் சட்டியில் கொட்டினேன். தண்ணீர் விட்டது. விட்டுக்கொண்டே இருந்தது. போன வருஷம் இப்படி விடவில்லையே என்று தோன்றியது. ஃபிரிட்ஜில் இருந்த குளிர்ச்சி என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு தீயைக் கூட்டினேன். வேக நேரம் பிடித்தது. புதுக் கம்பெனி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

திரும்பினால் லோகேஸ்வரி அடுப்படி வாசலில் நிற்கிறாள். கையில் கீரைக்கட்டு. சட்டியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் சட்டியைப் பார்த்தாள். இடுப்பில் இருந்த கைபேசியைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். உடனே என் பழைய முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன். மூக்கை லேசாக விரித்து, கண்ணைச் செருகி, “ம்ம்” என்று தலையாட்டினேன். அவள் கீரைக்கட்டோடு ஹாலுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

பிறகு அமுதா வந்தாள். முந்தானையில் கை துடைத்துக்கொண்டே தயங்கித் தயங்கி நின்றாள். “ராஜி, இது... சரியா வருதா?”

“ஏன், உனக்கென்ன சந்தேகம்? நான் நிக்கிறேன்ல” என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிட்டது. பயந்தவளுக்குக் குரல் உசந்துதான் வரும். அவள் தலையைக் குனிந்துகொண்டு பருப்பிடம் போய்விட்டாள்.

நண்பகலில் சாமி அறையில் இலை போட்டு எல்லாவற்றையும் வைத்தோம். விளக்கேற்றி, துளசி போட்டு, கற்பூரம் காட்டினோம். அமுதா கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். உதடு மட்டும் அசைந்தது, மகள் பெயராகத்தான் இருக்கும். நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. இன்றைக்குத் தப்பித்தால் போதும் என்றிருந்தேன்.

மூன்று பேரும் ஹாலில் தரையில் இலை போட்டு உட்கார்ந்தோம். லோகேஸ்வரி மற்றதை விட்டுவிட்டு நேராக அந்த சைவ மட்டன் வறுவலில் கை வைத்தாள். வாயில் போட்டு மென்றாள். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். அந்த நேரத்தில் அமுதாவின் போன் அடித்தது. கையெல்லாம் சோறு என்பதால் இடது கை விரலால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“மா!” அவள் மகன் குகன். “நாளைக்கு பார்பிக்யூக்கு நான் ஊற வச்ச மட்டன் எங்கம்மா? ஃபிரிட்ஜுல பாத்தா உன்னோட சோயாதான் இருக்கு!”

அமுதா போனை நோக்கிக் குனிந்தாள். “நான் மேல் தட்டுல இருந்ததத்தானேடா எடுத்தேன்...”

“அப்பா தர்பூசணி வைக்க எல்லாத்தையும் மாத்தி வச்சிட்டாரு லா. ரெண்டும் ஒரே மாதிரி பை. நீ பாக்கலியா?”

லோகேஸ்வரியின் வாய் நின்றுவிட்டது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கண்ணை உருட்டினாள். பிறகு எழுந்து ஓடினாள். குழாயடியில் அவள் கொப்பளிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது காளி மாதிரி வந்தாள்.

“பைய தொறந்து பாத்துட்டு எடுத்துட்டு வர மாட்டியாடி? கண்ணு எங்க போச்சி உனக்கு? புரட்டாசி சனிக்கெழம பெருமாள் எலையில மட்டன் வச்சிட்டோம்! கற்பூரம் காட்டி வச்சிட்டோம்!”

அமுதா எச்சில் கையோடு சாமி அறைப் பக்கம் திரும்பி, “பெருமாளே, என் மேல போடு. புள்ள வயித்துல இருக்கு. என் மேல போடு, அவ மேல போடாத” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“ராஜி மூக்கையே ஏமாத்திடுச்சின்னா பாத்துக்கோயேன்” என்று லோகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். “எல்லாம் உன்னோட அஜாக்கிரதை அமுதா, உன்னோட அஜாக்கிரதை!”

யாரும் என்னைக் கேட்கவில்லை. பழி ஏற்கெனவே ஒருத்தி தலையில் இறங்கி உட்கார்ந்தாயிற்று, அவளும் அதைச் சுமக்கத் தயாராக இருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். என் அடுப்படியில் நான் இருந்தபடியே இருப்பேன். ஒரு நிமிஷம் அப்படி உட்கார்ந்துதான் இருந்தேன். அமுதாவின் கையில் ஒட்டியிருந்த பருக்கைகள் காய ஆரம்பித்திருந்தன.

“அவள திட்டாத” என்றேன். “எனக்கு வாசம் தெரியாது.”

லோகேஸ்வரி புரியாமல் பார்த்தாள்.

“சித்திரையிலேர்ந்து தெரியாது. காய்ச்சல்ல போயிடுச்சி. சட்டியில மட்டன் கெடந்தாலும் ஒண்ணுதான், மரத்தூள் கெடந்தாலும் ஒண்ணுதான். கேஸ் தொறந்து கெடந்தாகூட எனக்குத் தெரியாது. அவ சரியா வருதான்னு வந்து கேட்டா. நான்தான் அதட்டி அனுப்பிட்டேன்.”

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. எனக்கு அழுவது பிடிக்காது, அதனால் கோபமாக அழுதேன்.

லோகேஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான் மோந்தேன்டி” என்றாள் மெதுவாக. “வாசல்ல வந்து நின்னேனே, அப்பவே மட்டன் வாசம் ஆள தூக்குச்சி. மூணு வாரமா கறி திங்காத ஆசையில எனக்குத்தான் அப்படி மணக்குதுன்னு நெனச்சேன். வெக்கமா போச்சி. ராஜி பக்கத்துலயே நிக்கிறா, அவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னு போயிட்டேன்.”

“நானும்தான்” என்றாள் அமுதா.

இரண்டு நல்ல மூக்குகள் என் செத்த மூக்கை நம்பி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கின்றன. சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. லோகேஸ்வரி எழுந்து, நான் நினைத்தபடியே, ஃபேனுக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு, “ஐயோ பாவம், இத்தன மாசமா ஒருத்தர்கிட்டயும் சொல்லாம... வந்து உக்காரு ராஜி” என்றாள். நான் உட்காரவில்லை. எனக்குக் கால் இருக்கிறது, கை இருக்கிறது என்று வெடுக்கென்று சொன்னேன்.

அமுதா கை கழுவிவிட்டு வந்தாள். என் எதிரே நின்று என் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படி நேராகப் பார்த்ததில்லை.

“சித்திரையிலேர்ந்தா?”

“ஆமா.”

“வைகாசியில கார்த்திகா மாமியார் வீட்டுக்காரங்க எங்க வீட்டுக்கு வந்தாங்க. நீயும் வந்த. என் ரசத்த மோந்து பாத்துட்டு, பெருங்காயம் பத்தல, வாசமே இல்லன்னு சொன்ன. சம்பந்தியம்மா முன்னால சொன்ன. அத எப்படி கண்டுபிடிச்ச ராஜி?”

அன்றைக்கு அமுதா வீட்டில் எல்லோரும் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதையாவது சொல்லியாக வேண்டியிருந்தது. பெருங்காயம் என்றால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே மறந்தும்விட்டேன்.

“சும்மா சொன்னேன்” என்றேன்.

“அத நான் யாருக்கும் போடல. பின்னால கொண்டு போயி கொட்டிட்டேன்.” குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். “அதுக்கப்புறம் நான் ரசமே வைக்கல. வேணும்னா குகன் பாக்கெட் பொடி வாங்கி வச்சிக்கிறான்.”

லோகேஸ்வரி இழுத்துப் போட்ட நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். மன்னித்துக்கொள் என்று வாய் வரை வந்தது. கொட்டின ரசத்துக்கு அது எந்த மூலைக்கு? “மறுபடியும் சமைக்கணும், பெருமாள் பட்டினியா இருக்காரு” என்றேன். “நீ அடுப்புக்குப் போ அமுதா. ரசம் வை. எனக்கு மொளகு தட்ற வேலையாவது குடு.”

அவள் உடனே சரி சொல்லவில்லை. அவள் யோசிப்பதை நான் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படைத்த இலையை எடுத்துச் சுருட்டி, வறுவலோடு சேர்த்துக் கட்டி வெளியே வைத்தோம். லோகேஸ்வரி வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். தெளித்தபடியே, “தெரியாம நடந்ததுக்கு வயித்துப் புள்ளய பிடிக்கிற பெருமாள் எந்த ஊர்லயும் இல்ல, அழுவாத” என்று அமுதாவுக்கு ஆறுதலும் சொன்னாள், அவளுக்குத் தெரிந்த விதத்தில். திட்டினதற்கு அதுதான் மன்னிப்பு. அடுப்பைக் கழுவி, புதுச் சட்டி எடுத்து, சோறு வடித்து, அப்பளம் பொரித்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து சின்ன உரலை மடியில் வைத்துக்கொண்டு மிளகும் சீரகமும் தட்டினேன். தட்டினது போதுமா என்று அமுதாவிடம் காட்டினேன். இன்னும் கொஞ்சம் என்றாள். மறுபடி தட்டினேன்.

அவள் ரசம் வைப்பதை நான் இதற்குமுன் சரியாகப் பார்த்ததில்லை. எப்போதும் நான்தான் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருப்பேன். அவசரமே இல்லாத கை. நுரை கூடி வரும்வரை பக்கத்திலேயே நின்று, பொங்க விடாமல் இறக்கி, கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு மூடினாள்.

மறுபடியும் படைத்தோம். சோறு, ரசம், அப்பளம், கீரை. மறுபடி வடைக்கு அரைக்க யாருக்கும் தெம்பில்லை. மத்தியானம் சாய்ந்துவிட்டிருந்தது. மூவரும் உட்கார்ந்து, ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தோம். முதல் வாய் எடுத்து வைத்ததும் இரண்டு பேரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். இருபத்தைந்து வருஷப் பழக்கம், ஒரு மத்தியானத்தில் போகுமா?

“உப்பு சரியா இருக்கு. புளிப்பு இருக்கு. மொளகு தொண்டையில தெரியுது” என்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

“பெருங்காயம்?” என்று கேட்டாள் அமுதா.

“தெரியல அமுதா. நீயே சொல்லு.”

அவள் உள்ளங்கையைக் குழித்து ரசத்தை ஊற்றிக் குடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அவசரப்படவில்லை.

“அளவா இருக்கு” என்றாள். “அன்னிக்கும் இவ்வளவுதான் போட்டேன்.”